மீள்வரு வினவல்

ஒரு வினவல் தனக்குக் கிடைத்த விடையையே அடுத்த கேள்விக்கு முதலாக வைத்து, புதிதாக ஒன்றும் அகப்படாத வரை தேடிக்கொண்டே போவதைக் கணினித் துறையில் 'ரிகர்சிவ் குவெரி' என்கிறார்கள். தந்தை, பிள்ளை, பேரன் என்று அடுக்கடுக்காக நிற்கும் தரவை, எல்லாவற்றையும் அட்டவணைகளாக வைக்கும் தொடர்புநிலைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்க இது பெரிதும் பயன்படுகிறது.

'ரிகர்சிவ்' என்பதன் வேர் இலத்தீன் மொழியின் 'ரெகுரேரே'. 'ரெ' என்றால் மீண்டும். 'குரேரே' என்றால் ஓடு. 'குவெரி' தேடு, கேள் என்னும் பொருளுள்ள 'குவைரேரே'யிலிருந்து வந்தது. அதற்கு 'வினவல்' என்ற சொல் நம் பாடநூல்களில் ஊன்றிவிட்டது. மிகப் பொருத்தமான சொல். நம் இலக்கணம் வகுத்த ஆறு வினாக்களில் இது அறியா வினா.

தடுமாற்றம் முதற்சொல்லில்தான். 'மறுசுழற்சி' பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டது. 'சுழல்' கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். இந்த வினவலோ ஒவ்வொரு முறையும் புதிய வரிக்கு நகர்கிறது. மீண்டு வருவது விடை, அதுவும் அடுத்த கேள்வியாக. ஆகவே 'மீள்வரு வினவல்' என்பதே என் தேர்வு. வினைத்தொகையாதலால் வந்ததும் வருவதும் இனி வரப்போவதும் அதில் அடங்கிவிடுகின்றன.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டக் குடும்பம் ஒன்றை அட்டவணையில் எழுதிப் பார்ப்போம். புலங்கள் நான்கு: எண், பெயர், பிறந்த இடம், தந்தை எண். 41ஆம் வரியில் மஸ்கெலியாவில் பிறந்த பேரன். அவன் தந்தை எண் 27. 27ஆம் வரியில் தலவாக்கலையில் பிறந்தவர். அவருடைய தந்தை எண் 12. 12ஆம் வரியில் புதுக்கோட்டையில் பிறந்த பாட்டன். தந்தை எண் வெற்று, அதாவது அந்த இடம் நிரப்பப்படவில்லை. இந்த வரிகளில் எது மேலே, எது கீழே என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது. எட்கர் கொட் 1970இல் முன்வைத்த தொடர்புநிலை மாதிரியில் எல்லா வரியும் சமம். உறவைச் சொல்வது அந்தத் தந்தை எண் மட்டுமே.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரிடம் கேட்டதும் இத்தகைய கேள்வியே. அந்த ஆண்டு நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கு, தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தும் அதற்குப் பத்திரம் காட்ட முடியாமல் நாடற்றவராக்கப்பட்டோர் பல இலட்சம் பேர். கணினிக் கண்ணால் பார்த்தால் அச்சட்டத்தின் ஆழம் மூன்று படி. அட்டவணையை அதனுடனேயே மூன்று முறை இணைத்தால் பூட்டன் வந்துவிடுவார். மீள்வரு வினவல் தேவையில்லை.

'எங்கள் வம்சத்தில் முதலில் கடல் கடந்து வந்தவர் யார்?' என்று கேட்டால் நிலைமை வேறு. ஒரு வீட்டில் நான்கு தலைமுறை, இன்னொரு வீட்டில் ஏழு. எத்தனை படி என்று முன்கூட்டியே தெரியாத இந்த ஏற்றத்தைக் அட்டவணைகளைக் கையாளக் கொட் வகுத்த மூல இயற்கணிதத்தால் எழுதவே முடியாது என்று கணினி அறிஞர்கள் ஏஹோவும் உல்மனும் 1979இல் நிறுவினார்கள். தரவுத்தளங்களை வினவும் மொழியான எஸ்.கியூ.எல். தரத்தில், மீள்வரு வினவலை எழுதும் 'வித் ரிகர்சிவ்' 1999இல் இடம்பிடித்தது. தரவுத்தள மென்பொருள்களான போஸ்ட்கிரஸ் 2009இலும் மைஎஸ்கியூஎல் 2018இலும் அதை ஏற்றுக்கொண்டன.

அதன் அமைப்பு இரண்டு பகுதி. முதற்பகுதி 41ஆம் வரியை எடுத்து வைக்கும். இரு பகுதிகளின் வரிகளையும் ஒன்றுசேர்க்கும் 'யூனியன் ஆல்' என்பதற்குப் பின்வரும் இரண்டாம் பகுதி, கடைசியாகக் கிடைத்த வரியின் தந்தை எண்ணைக் கொண்டு அடுத்த வரியைத் தேடும். 27 வரும், 12 வரும். வெற்று எண்ணுக்கு எந்த வரியும் பொருந்தாது. அங்கே வினவல் நின்றுவிடும். இணைப்பைத் திருப்பி எழுதினால் பாட்டனிலிருந்து பேரப்பிள்ளைகள் வரை இறங்கலாம்.

பதிவில் பிழை நேர்ந்து 12ஆம் வரியின் தந்தை எண் 41 என்று விழுந்துவிட்டால், பேரனே பாட்டனுக்குத் தந்தையாகி வினவல் ஓயாமல் ஓடும். 'யூனியன் ஆல்' என்பதில் 'ஆல்' என்பதை நீக்கினால் ஏற்கெனவே வந்த வரி மறுபடி சேராது. ஆனால் தலைமுறை எண்ணையும் ஒரு புலமாக எண்ணிக்கொண்டு போனால் ஒவ்வொரு வரியும் புதிதாகவே தோன்றும். அப்போது தலைமுறைக்கு ஓர் உச்ச வரம்பை நாமே எழுதிவைக்க வேண்டும்.