அன்சேஃப் அபார்ஷன்: தமிழ்ல சரியான சொல் எது?

அபார்ஷன்னா எல்லாருக்கும் புரியும், ஆனா தமிழ்ல என்னன்னு கேட்டா ஒருத்தர் கருச்சிதைவும்பார், இன்னொருத்தர் கருக்கலைப்பும்பார், ரெண்டும் ஒன்னுதானேன்னு மூணாவது ஆள் பேச்ச முடிச்சிடுவார். ஒன்னு இல்லங்க.

இங்கிலீஷ் சொல்லோட வேர் லத்தீன். 'ஒரிரி'ன்னா தோன்றது, பிறக்கறது. முன்னாடி 'அப்' சேர்ந்தா அந்தப் பிறப்பு தவறிப்போறது. யாரோ வேணும்னு செஞ்சதுன்னு அதுல அர்த்தமே இல்ல. டாக்டருங்க இன்னிக்கும் அப்படித்தான் எழுதறாங்க, தானா கலைஞ்சாலும் ரிப்போர்ட்ல 'ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்'னு இருக்கும், அதப் பாத்துட்டு நாங்க எங்க கலைச்சோம்னு பதறிப்போறவங்க உண்டு.

தமிழ்ல இந்தக் குழப்பமே வேண்டாம், கலையறது வேற கலைக்கறது வேற. தானா போனா கருச்சிதைவு, மருந்தோ கருவியோ வெச்சு செஞ்சா கருக்கலைப்பு. இவ்ளோ வசதி இருந்தும் செய்தியில ரெண்டையும் மாத்தி மாத்திப் போடறத பாத்தா எரிச்சலா வருது. சிலர் கருக்கொலைன்னும் எழுதுவாங்க, அது சொல் இல்ல, தீர்ப்பு.

இப்ப 'அன்சேஃப்'. உலக சுகாதார நிறுவனம் சொல்ற விளக்கம் இதுதான்: தேவையான திறமை இல்லாதவங்க செய்யறது, இல்லன்னா குறைந்தபட்ச மருத்துவத் தரம் இல்லாத இடத்துல செய்யறது, இல்ல ரெண்டுமே. ஆக ஆபத்து செய்யற கையிலயும் இடத்துலயும் இருக்கு. அதனாலதான் 'ஆபத்தான கருக்கலைப்பு'ங்கற மொழிபெயர்ப்பு எனக்கு ஒத்துவரல, கலைக்கறதே ஆபத்துன்னு ஆயிடுது. 'பாதுகாப்பற்ற கருக்கலைப்பு'தான் சரி. 'சட்டவிரோத'ன்னும் போடக்கூடாது, சட்டம் வேற பாதுகாப்பு வேற. ஆப்பிரிக்காவுல இருக்கற ஜாம்பியாவுல 1972லயே கருக்கலைப்ப அனுமதிக்கற சட்டம் வந்துடுச்சு, ஆனா மூணு டாக்டர் கையெழுத்து வேணும், டாக்டரே அரிதா இருக்கற ஊர்ல அந்த சட்டத்த வெச்சு என்ன பண்றது, வேரையும் குச்சியையும் வெச்சு கலைக்கறதுதான் கதி. பிரேசில்ல நேர் எதிர். சட்டம் ரொம்ப கெடுபிடி, ஆனா 1980கள்ல அல்சருக்குன்னு வந்த மிசோப்ரோஸ்டால் மாத்திரைய கர்ப்பிணிங்க சாப்பிடக்கூடாதுன்னு எச்சரிச்சத பாத்தே இது கருவ கலைக்கும்னு பொம்பளைங்க புரிஞ்சுக்கிட்டாங்க, அந்த மாத்திரை பரவினப்புறம் கடுமையான சீழ்த்தொற்றோட ஆஸ்பத்திரிக்கு வர்றது குறைஞ்சுது.

உலகத்துல வருஷத்துக்கு சுமார் 7 கோடியே 30 லட்சம் கருக்கலைப்பு நடக்குது, அதுல 45 சதவீதம் பாதுகாப்பற்றது, அந்த பாதுகாப்பற்றதுல 97 சதவீதம் வளரும் நாடுகள்லன்னு அதே நிறுவனம் சொல்லுது. ரத்தப்போக்கு, உள்ள மிச்சம் தங்கி சீழ் பிடிக்கறது, கருப்பை ஓட்டையாகறது, இதுலதான் உயிர் போகுது. பிழைச்சாலும் சிலருக்கு அப்புறம் குழந்தையே தங்காது. உள்ள தங்கினத சுரண்டி எடுக்கற பழைய 'டி அண்ட் சி'ய விட்டுட்டு வெற்றிட உறிஞ்சல் முறைக்கு மாறுங்கன்னும் அவங்க சொல்லிட்டே இருக்காங்க.

கூடவே வர்ற இன்னொரு சொல் 'ரீப்ரொடக்டிவ் ஹெல்த்', 1994ல கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டுக்கு அப்புறம்தான் பரவலா பழக்கத்துக்கு வந்துச்சு. இத மகப்பேறு நலம்னு எழுதறாங்க, அது பிள்ளை பெறறதோட நின்னுடுது. பெத்துக்கலாமா வேண்டாமா, எப்ப, எத்தனைன்னு முடிவு பண்றதும் அந்தச் சொல்லுக்குள்ள அடக்கம், அதனால இனப்பெருக்க நலம்னு எழுதுங்க.