எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்

தைப்பூசம் முடிந்த கையோடு சாட்ஸ்வர்த்தில் இன்னொரு கராஜ் எரிந்துவிட்டது. இன்சூரன்ஸ் மதிப்பீட்டுக்குப் போனால், கேட்பதற்கு முன்பே வீட்டுக்காரர் சொல்கிறார்: "கரண்ட்தான் அண்ணே, வயர் பழசு." இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எது எரிந்தாலும் பழி கரண்ட் மேல்தான். லோட் ஷெடிங் என்று முறைவைத்துக் கரண்டை நிறுத்திய காலத்துப் பழக்கம், இன்னும் போகவில்லை.

வயரில் ஒன்றும் இல்லை. தீ தொடங்கிய மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி உருகித் தரையோடு தட்டாகப் படிந்திருந்தது. சுரண்டி எடுத்துப் பார்த்தால் உள்ளே துணிச்சுருள். பிளாஸ்டிக் மூடிக் காத்த அடிமடிப்பில் டி-ஷர்ட் தையல்கூடத் தெரிகிறது, நடுப்பகுதி மட்டும் கரி. உள்ளிருந்து வெந்த துணி அது. முந்தைய நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசைக்கு லின்சீட், அதாவது ஆளிவிதை எண்ணெய் பூசியிருக்கிறார். துணியைச் சுருட்டி வாளியில் போட்டுவிட்டுப் படுக்கப் போயிருக்கிறார்.

"எண்ணெய் தானாகப் பற்றுமா?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றும் வீடுகள். திரி பற்றவே நாலு தீக்குச்சி செலவாகிறது, வெறும் துணி எப்படி எரியும் என்கிறார்கள். சரி, நியாயமான சந்தேகம்தான். ஆனால் நீங்கள் நினைப்பது வேறு எண்ணெய். தேங்காய் எண்ணெயை மரத்தில் பூசினால் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும், காயாது. லின்சீட் காய்ந்து தோல் கட்டும். அதற்காகத்தானே காசு கொடுத்து வாங்குகிறீர்கள்? அது ஈரத்துணி உலர்வது மாதிரி இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, சேரும்போது சூடு கிளம்புகிறது. மேசைப் பலகையில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணிக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. ஒரு எண்ணெய் எந்த அளவு இப்படிக் காயும் என்பதை அயோடின் எண் காட்டும்: தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 10, லின்சீட்டுக்கு 170க்கு மேல்.

"வெயிலில் வைக்கவில்லையே", "டர்ப்ஸ் (டர்பன்டைன்) கலக்கவில்லையே", "இயற்கைப் பொருள்தானே" எல்லாம் கேட்டாயிற்று. வெயிலும் வேண்டாம், டர்ப்ஸும் வேண்டாம். இயற்கை என்றால் எரியாது என்று யார் சொன்னது? வைக்கோலும் இயற்கைதான். டின்னில் 'பாயில்டு' என்றிருந்தால் சீக்கிரம் காய்வதற்கான உலோக உப்புகள் சேர்ந்திருக்கும், ஆபத்தும் சீக்கிரம் வரும். எதுவும் சேர்க்காத பச்சை எண்ணெய் கொஞ்சம் மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான் வித்தியாசம். டங் ஆயில், டேனிஷ் ஆயில், எண்ணெய் கலந்த வார்னிஷ், ஸ்டெயின் எல்லாம் இதே குடும்பம்.

1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. 22ஆம் மாடியில் மரப் பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுப்போன லின்சீட் துணிகளில்தான் தீ ஆரம்பித்தது. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் செத்தார்கள். தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் இருந்த 30ஆம் மாடிக்கு வந்தபிறகுதான் அது அடங்கியது. உங்கள் கராஜில் தெளிப்பான் இருக்கிறதா? இங்கே பல வீடுகளுக்குச் சுவரே பக்கத்து வீட்டோடு பொது. பின்னால் அவுட்பில்டிங்கில் வாடகைக்குக் குடும்பம் வேறு.

எண்ணெய்த் துணியை ஒற்றை மடியாக விரித்து, வெளியே வேலிக்கம்பியிலோ சிமென்ட் தரையிலோ போடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று வேண்டாம். அட்டை மாதிரி விறைத்தபிறகுதான் குப்பைக்கு. மழை பெய்கிறதா? மூடியுள்ள தகர டின்னில் தண்ணீர் ஊற்றி, துணி முழுக அமுக்கி வையுங்கள். எண்ணெய் ஈரம் காயாத துணியைக் கறுப்புப் பையில் திணித்துக் குப்பை லாரிக்காரர் தலையில் கட்டிவிடாதீர்கள், பாவம் அவர். எண்ணெய் பட்ட ஸ்டீல் வுல்லும் உப்புத்தாள் தூளும் இதே கணக்குத்தான்.

இரும்பு வேலை பார்ப்பவர்களும் இதைப் படியுங்கள். சூடான இரும்பில் லின்சீட் தேய்த்துக் கறுப்பேற்றுவது அழகான வேலை, ஆனால் அந்தத் துணி சூட்டோடேயே வாளிக்குப் போகிறது. துத்தநாகம் பூசிய கால்வனைஸ்டு குழாயில் மட்டும் அதைச் செய்து பார்க்காதீர்கள். துத்தநாகப் புகை உள்ளே போனால் ராத்திரி நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். பால் குடித்தால் முறியும் என்பது பட்டறைக் கதை. அப்புறம், மரத்தூள் கிடக்கிற இடத்தில் ஆங்கிள் கிரைண்டரை ஓட்டாதீர்கள். தூளுக்குள் விழுந்த பொறி மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும்.

எண்ணெய் வேலை செய்த அன்று படுக்கும் முன் கராஜ் பக்கம் ஒருமுறை போய் வாருங்கள். புதுப் பாலிஷ் வாசனை இருக்கத்தான் செய்யும். மூக்கை எரிக்கிற காரமான நெடி அடித்தால் துணியைக் கிளறிப் பார்க்கவே கூடாது, கிளறினால் காற்றுப் பட்டுப் பற்றிக்கொள்ளும். முதலில் அவுட்பில்டிங்கில் இருப்பவர்களை எழுப்பி எல்லாரையும் வெளியே கூட்டி வாருங்கள், பிறகு தீயணைப்புக்கு, 10177க்கு அடியுங்கள்.