ரெப்ரசென்டேஷன்: பிரதிநிதித்துவமா, சித்திரிப்பா?

படங்களைப் பற்றி எழுதுகையில் 'ரெப்ரசென்டேஷன்' என்று வந்தாலே 'பிரதிநிதித்துவம்' என்று எழுதிவிடுகிறோம். தேர்தல் பேச்சுக்கு அது பொருந்தும். இந்தியாவின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலும் இலங்கையின் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்திலும் பலருக்காக ஒருவர் அவையில் அமர்கிறார். ஒரு காதல் படத்துக்கு அதே சொல்லைப் போட்டால் பாதிப் பொருள் தொலைந்துபோகிறது.

லத்தீன் மூலமான 'ரெப்ரேசென்டாரே', கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதைக் குறிக்கும். தவணைக்குக் காத்திராமல் கடனை ரொக்கமாகக் கொடுப்பதையும் ரோமர்கள் இச்சொல்லால் சொன்னார்கள். வடமொழிப் 'பிரதிநிதி'யின் வழி வேறு. 'பிரதி' என்றால் ஈடாக. 'நிதி' இங்கே செல்வம் அன்று, வைக்கப்பட்டது. வேள்விக்கு விதித்த நெல் கிடைக்காதபோது அதற்குப் பதிலாக இடும் நீவாரம் என்ற காட்டு நெல்லை வேள்வி விதிகளை ஆராயும் மீமாம்சை நூல்கள் பிரதிநிதி என்கின்றன. லத்தீன் சொல்லில் பொருள் நம் எதிரே வந்து நிற்கிறது. வடமொழிச் சொல்லில் அது இல்லாததால் மாற்று நிற்கிறது.

இந்த வேறுபாட்டைப் பார்க்க 1987இல் வந்த 'மூன்ஸ்ட்ரக்' நல்ல எடுத்துக்காட்டு. புரூக்ளினில் வாழும் இத்தாலிய அமெரிக்கக் குடும்பத்தின் காதல் கதை அது. நாயகி லொரெட்டாவாக நடித்த செர், தந்தை வழியில் ஆர்மீனியர். தாயாக வரும் ஒலிம்பியா டுகாகிஸ் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தாத்தாவாக நடித்தவர் ரஷ்யர். எழுதிய ஜான் பேட்ரிக் ஷான்லி அயர்லாந்து வழியினர், இயக்கிய நார்மன் ஜூவிசன் கனடாக்காரர். இவர்கள் எல்லாரும் நீவார நெல்தான். தந்தையாக நடித்த வின்சென்ட் கார்டீனியாவோ இத்தாலியில் பிறந்தவர். நிக்கோலஸ் கேஜும் டேனி ஐயெல்லோவும் இத்தாலிய வழியினர்.

அப்படியானால் இப்படத்தில் 'பிரதிநிதித்துவம்' குறைவா, நிறைவா? கேள்வியே தவறு, ஏனென்றால் அதில் வெவ்வேறு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன. வேடத்தில் யார் என்பது ஒன்று. அதற்கு 'பங்கேற்பு' போதும். எப்படிக் காட்டினார்கள் என்பது மற்றொன்று, அது 'சித்திரிப்பு'. ('சித்தரிப்பு' என்பதே பெருவழக்கு என்றாலும், சித்திரத்திலிருந்து வந்ததால் 'சித்திரிப்பு' திருத்தமானது.) துப்பாக்கி ஏந்திய மாஃபியா இல்லை. குழாய் வேலை செய்யும் தந்தை, கணக்கு எழுதும் கைம்பெண், ரொட்டி சுடும் காதலன், ஓபரா என்ற இசை நாடகத்தின் மேல் அவனுக்கு இருக்கும் பித்து என்று உழைப்பும் ரசனையும் சேர்ந்த மனிதர்களே அங்கே இருக்கிறார்கள். பங்கேற்பில் இடைவெளி இருந்தும் சித்திரிப்பில் வென்ற படம் என்று தயங்காமல் சொல்லலாம்.

மூன்றாவது, யார் சார்பில் யார் பேசுவது. 'பிரதிநிதித்துவம்' இங்கேதான் உரிய இடத்தில் அமர்கிறது. மாஃபியா குடும்பத்தைப் பற்றிய 'காட்ஃபாதர்' படத்தின் தயாரிப்பின்போது 'மாஃபியா' என்ற சொல்லைத் திரைக்கதையிலிருந்து நீக்க வைத்தது இத்தாலிய அமெரிக்கக் குடிமை உரிமைக் கழகம். அதை நிறுவிய ஜோசப் கொலம்போவே நியூயார்க் மாஃபியாக் குடும்பம் ஒன்றின் தலைவர். சமூகத்தின் பெயரால் பேச முன்வந்தவர் அந்தச் சமூகத்தின் நேர்மையான உருவமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. பிரதிநிதித்துவத்தையும் சித்திரிப்பையும் ஒரே சொல்லால் எழுதினால் இந்த முரண் கண்ணில் படாது.

பிரதிநிதித்துவத்தைத் தனித்தமிழில் 'சார்பாண்மை' என்று எழுதலாம். ஆனால் 'சார்பு' ஒருதலைப் பட்சத்தையும் குறிப்பதால், 'படத்தில் சார்பு உள்ளது' என்றால் படம் பாரபட்சமானது என்று வாசகர் புரிந்துகொள்வார். வாக்கியத்தில் 'யாருடைய' என்பதைச் சேர்த்தால் குழப்பம் தீரும்: 'இத்தாலிய அமெரிக்கர்களின் சார்பாண்மை'.

கூடவே வரும் 'டைவர்சிட்டி'க்குப் 'பன்மைத்துவம்' என்று எழுதுகிறார்கள். பன்மையிலேயே 'மை' விகுதி இருக்க, மேலே 'த்துவம்' ஏற்றுவது ஒரே பொருளை இரண்டு முறை ஒட்டுவது. 'பல்வகைமை' போதும். ஒரே இனத்தவருக்குள் வயது, தொழில், குணம் வேறுபடுவதையும் அது தாங்கும். 'பல்லினத்தன்மை' இனத்தை மட்டுமே சுட்டும். மூன்ஸ்ட்ரக்கின் நடிகர் பட்டியலுக்கு அது பொருந்தும், கதைக்குள் இருக்கும் குடும்பத்துக்குப் பொருந்தாது.