டிகோடர்: குறிபிரிப்பான்

மாதிரி ரயில் எஞ்சினுக்குள், தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் சிறு சர்க்யூட் பலகைதான் டிகோடர். கையில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியில் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஊதுவதும் மணியடிப்பதும் முகப்பு விளக்கு எரிவதும் இதனால்தான்.

பெயரின் வேரைப் பார்த்தால், லத்தீனில் 'கவுடெக்ஸ்' என்றால் அடிமரம். மரப்பலகையில் மெழுகு பூசி எழுதி, பலகைகளைச் சேர்த்துக் கட்டியபோது அது 'கோடெக்ஸ்', அதாவது நூல். நம் ஓலை ஏடு நூலைக் குறித்ததும் இப்படித்தான். நூல் சட்டத்தொகுப்பாகி, தந்திக் காலத்தில் 'கோட்' என்பது சுருக்கக் குறியாயிற்று. 'டி' அதை அவிழ்ப்பது.

1935இல் அமெரிக்காவின் லயனல் நிறுவனப் பொம்மை ரயில்களில் தொலைவிலிருந்தே விசில் ஊத முடிந்தது. ஏசி ஓடும் தண்டவாளத்தில் சிறிது டிசி கலந்தால் ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச் இழுக்கும், விசில் ஒலிக்கும். ஆனால் அந்தத் தண்டவாளத்தில் நிற்கும் விசில் எல்லாமே சேர்ந்து ஊதும். யாருக்கான கட்டளை என்று பிரிக்க வழியில்லை.

அந்த வழியைத் தந்தது டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் மாதிரி ரயில் ஆர்வலர் சங்கமான என்எம்ஆர்ஏ 1990களில் பொதுத் தரமாக்கியது. தண்டவாள மின்சாரம் திசை மாறிக்கொண்டே இருக்கும்: அரைச்சுற்று 58 மைக்ரோநொடி என்றால் 1, 100 என்றால் 0. ஒவ்வொரு செய்தியிலும் முகவரி, கட்டளை, சரிபார்ப்பு எண் என்ற வரிசை. முகவரி தனதல்ல என்றாலும் சரிபார்ப்பு பொருந்தாவிட்டாலும் டிகோடர் செய்தியைத் தள்ளிவிடும். புதிய எஞ்சின்கள் இரண்டும் ஒரே பொத்தானுக்கு ஊதினால் பழுதென்று நினைக்க வேண்டாம். ஆலையில் வைத்த முகவரி பொதுவாக 3. டிகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடங்கள் சிவி எனப்படும். ஏதேனும் ஓர் எஞ்சினின் சிவி 1இல் உள்ள முகவரியை மாற்றினால் போதும்.

பொருத்தும்போது ஆரஞ்சு, சாம்பல் கம்பிகள் மோட்டாருக்கு. மோட்டார் முனை எஞ்சின் சட்டத்தைத் தொட்டிருந்தால் மின்சாரம் விட்டதும் டிகோடர் கருகும். மீட்டரில் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் பொது நேர்முனை. எல்இடிக்கு 1 கிலோ ஓம் தடை சேர்க்கவும். ஸ்பீக்கரை மூடிய பெட்டியில் அடைக்காவிட்டால் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்து ஒலி மெலியும். சிவியைப் படிக்க முடியவில்லையா? டிகோடர் பதில் சொல்வது பெரும்பாலும் மோட்டார் வழியே 6 மில்லிநொடிக்குக் கூடுதல் மின்சாரம் இழுத்துத்தான். மோட்டார் இணைப்பு விட்டிருந்தாலோ சக்கரம் அழுக்காக இருந்தாலோ அந்தப் பதில் வராது. ஓடும்போது எஞ்சின் ஒலி அறுந்து முதலிலிருந்து தொடங்குவதும் அழுக்கால்தான்.

தமிழில் 'குறிவிலக்கி', 'குறிநீக்கி' என்ற சொற்கள் கணினித் துறையில் வழங்குகின்றன. விலக்குவதும் நீக்குவதும் தள்ளிவைக்கும் வேலை. டிகோடரோ தனக்கு வந்ததை, கடிதத்தைப் பிரிப்பதுபோலப் பிரித்துப் படிக்கிறது. எனவே 'குறிபிரிப்பான்' பொருந்தும். சவுண்ட் டிகோடரை 'ஒலிக் குறிபிரிப்பான்' என்றும், தடமாற்றியையும் கைகாட்டியையும் இயக்குவதைத் 'துணைக் குறிபிரிப்பான்' என்றும் சொல்லலாம்.