முழு ரைடர் இருந்தால் மருத்துவம் இலவசமா?

சிங்கப்பூரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சைக்கு 20,000 வெள்ளி பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரசின் அடிப்படைக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபோடு தனியார் காப்புறுதியையும் சேர்த்துத் தரும் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம் மட்டும் இருந்தால், முதல் 3,500 வெள்ளி நோயாளியின் டிடக்டிபிள், அதாவது காப்புறுதி கட்டத் தொடங்குமுன் அவரே கட்டவேண்டிய தொகை. மீதி 16,500 வெள்ளியில் 10 விழுக்காடு கோ-இன்ஷூரன்ஸ், அதாவது அதிலும் அவர் ஏற்கும் பங்கு. மொத்தம் 5,150 வெள்ளி. இந்த இரண்டையும் ஏற்கும் கூடுதல் காப்புறுதியான பழைய முழு ரைடர் வைத்திருப்பவருக்கோ ஒரு காசும் செலவில்லை.

இந்தப் பூஜ்யம்தான் காப்புறுதிச் சந்தா ஏறுவதற்கு முக்கியக் காரணம். நோயாளி விலை கேட்பதில்லை. மருத்துவருக்கும் அதைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. முதுகுவலிக்கு எம்ஆர்ஐ ஸ்கேனை வெளிநோயாளியாக எடுத்தால் பெரும்பாலும் கைக்காசு. ஓரிரவு வார்டில் சேர்ந்து எடுத்தால் காப்புறுதி கட்டும். ஆகவே ஸ்கேனோடு படுக்கை, தாதியர் பராமரிப்பு, நிபுணர் வருகை எல்லாம் பில்லில் ஏறுகின்றன. இதில் யாரும் ஏமாற்றவேண்டியதே இல்லை, காப்புறுதி விதி போகும் வழியில் செலவும் போகிறது.

தனியார் மருத்துவமனைத் திட்டத்துடன் ரைடரும் வைத்திருப்போர், ரைடர் இல்லாதவர்களைவிட 1.4 மடங்கு அதிகமாகக் கோரிக்கை விடுக்கிறார்கள். ஒவ்வொரு கோரிக்கையின் சராசரித் தொகையும் 1.4 மடங்கு என்கிறது சுகாதார அமைச்சு. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ இரு மடங்கு. அது சந்தாவாகத் திரும்பி வருகிறது, அதுவும் சம்பளம் நின்றுபோன 65, 70 வயதில் மிகக் கனமாக. ரைடர் சந்தாவை மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து கட்டவும் முடியாது, ரொக்கம்தான். வயதான பெற்றோருக்கு ரைடர் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுக்கவேண்டும்.

இதைச் சரிசெய்யத்தான் 2019 ஏப்ரலிலிருந்து விற்கப்பட்ட ரைடர்களில் நோயாளி குறைந்தது 5 விழுக்காடு கட்டவேண்டும் என்ற விதி வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் ரைடர்கள் குறைந்தபட்ச டிடக்டிபிளை ஏற்கக்கூடாது. ஆண்டுக்கான 5 விழுக்காட்டுப் பங்கின் உச்சவரம்பும் குறைந்தது 3,000 வெள்ளியிலிருந்து 6,000 வெள்ளியாகிறது. மேலே சொன்ன பில்லில் புதிய ரைடர்காரர் கட்டுவது 3,500 + 825 = 4,325 வெள்ளி. பெரிய தொகைதான். ஆனால் அதை மெடிசேவிலிருந்து, அதன் வரம்புக்குள், எடுக்கலாம், சந்தாவும் குறையும்.

அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் மருத்துவரிடம் எழுத்து மூலமான செலவு மதிப்பீடும், அறுவை சிகிச்சைக்கான குறியீட்டு எண்ணும் கேளுங்கள். அந்த எண்ணைக் கொண்டு அமைச்சின் இணையத்தளத்தில் கட்டண அளவுகோலைப் பார்க்கலாம். 2018 முதல் அது பொதுவில் இருக்கிறது. கட்டணம் அளவுகோலின் மேல் எல்லையைத் தாண்டினால் ஏன் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. மருத்துவர் உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறாரா, முன் அனுமதி கிடைத்ததா என்பதையும் உறுதிசெய்யுங்கள். இரண்டும் இல்லையென்றால் மேற்சொன்ன உச்சவரம்பு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உத்தரவாதக் கடிதம் வந்துவிட்டதே என்று நிம்மதியாகிவிடுபவர்கள் பலர். அது முன்பணத்தைத் தவிர்க்கும் கடிதம் மட்டுமே, கோரிக்கைக்கான ஒப்புதல் அல்ல.

சந்தா தாங்கவில்லை என்றால் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடாதீர்கள். முதலில் ரைடரை விடலாம், பிறகு திட்டத்தை அரசாங்க மருத்துவமனை வகுப்புக்கு இறக்கலாம். முழுவதும் ரத்தானாலும் மெடிஷீல்டு லைஃப் தொடரும். குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும், ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும் அது காக்கிறது. ஆனால் அது மானியமுள்ள பி2, சி வகுப்பு வார்டுகளுக்காக வடிவமைக்கப்பட்டது. தனியார் பில்லில் சிறு பகுதியையே கொடுக்கும். விட்ட திட்டத்துக்குத் திரும்பப் போனால் உடல்நிலையைப் புதிதாக அறிவிக்கவேண்டும். நீரிழிவோ இதய நோயோ வந்தபின் அந்தக் கதவு திறப்பது கடினம்.

வேலை அனுமதியில் வந்த நம் தொழிலாளர்கள் மெடிஷீல்டு லைஃபில் இல்லை. அவர்களுக்கு முதலாளி எடுக்கவேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. முன்பு 15,000 வெள்ளிதான். முதல் 15,000ஐக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும், அதற்கு மேல் 25 விழுக்காடு முதலாளியுடையது. 35,000 வெள்ளி பில்லில் முதலாளியின் பங்கு 5,000 வெள்ளி. காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் பாலிசி எண்ணையும் முதலாளியிடம் கேட்டுக் கைப்பேசியில் வைத்திருங்கள். அவசரப் பிரிவில் அதைத் தேட நேரமிருக்காது.