ஃப்ரைட் ரைஸ் ஏன் ஒட்டுவதில்லை?

போன மாதம் அத்தையை அழைத்துக்கொண்டு கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சைனீஸ் கடைக்குப் போயிருந்தேன். ஏழெட்டு டேபிள்தான். அடுப்படியை ஒரு கண்ணாடிதான் மறைக்கிறது. மாஸ்டர் சட்டியைத் தூக்கிப் போடுவதும் தீ எழும்புவதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். அத்தைக்கு ஆடுதுறைப் பக்கம்; நாற்றங்காலும் களமும் பார்த்து வளர்ந்தவர். எக் ஃப்ரைட் ரைஸ் வந்ததும் நாலு பருக்கையை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். “மேல உதிரியா இருக்கு, உள்ள மெத்துனு இருக்கு. வடிச்ச சூட்டோட கிளறினா இப்படி வராதே” என்றார். கிளம்பும்போது மாஸ்டரிடமே கேட்டுவிட்டார். “மத்தியானமே முக்கால் பதத்துல வடிச்சு, தட்டுல பரப்பி ஆற வெச்சிருவோம்மா” என்றார் அவர்.

ஆற வைத்த சோற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அத்தையின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. அமைலோஸ் என்பது நீளமாக, பெரும்பாலும் கிளையில்லாமல் போவது. அமைலோபெக்டின் மரம்போலக் கிளை விட்டுப் பரவுவது. வேகாத அரிசியில் இவை நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். உலை சூடேறி ஏறக்குறைய 70 டிகிரியைத் தொடும்போது தண்ணீர் உள்ளே புகுந்து அந்த அடுக்கைக் குலைக்கிறது. பருக்கை உப்புகிறது. அமைலோஸில் ஒரு பகுதி வெளியே கசிந்து தண்ணீரோடு கலக்கிறது. அதுதான் கஞ்சி. வேட்டிக்குக் கஞ்சி போட்டால் காய்ந்து விறைப்பாக நிற்கிறதே, அதே பசைதான் சோற்றையும் ஒட்ட வைக்கிறது. வடித்த சோறு குக்கர் சோற்றைவிட உதிரியாக இருப்பதற்கும் இதுதான் காரணம். வடிக்கும்போது பசை வெளியே போய்விடுகிறது. குக்கரில் அது பருக்கையின் மேலேயே தங்கிவிடுகிறது.

சோறு ஆறத் தொடங்கியதும் குலைந்த சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று பிணைகின்றன. அமைலோஸ் சில மணி நேரத்திலேயே பிணைந்து இறுகிவிடும். அமைலோபெக்டின் மெதுவாக, நாள் கணக்கில் மறுபடி அடுக்காகச் சேரும். ஃப்ரிட்ஜின் குளிர் இதை வேகப்படுத்தும். நேற்று வைத்த தயிர்சாதம் விறைத்துப் போவது இதனால்தான்.

அப்படி இறுகிய சோற்றைச் சட்டியில் போட்டதும் எப்படி மறுபடி மெத்தென்று ஆகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அமைலோபெக்டின் கட்டிய அடுக்கு 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். அமைலோஸின் பிணைப்பு குலைய 100 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஈரம் இருக்கும்வரை பருக்கையின் உட்புறம் அந்தச் சூட்டை எட்டாது. ஆகவே ஒன்று இளகி மெத்தென்று ஆகிறது, மற்றொன்று சட்டகம்போல நின்று வடிவத்தைக் காக்கிறது. இதோடு, தட்டில் பரப்பும்போது மேற்புறத்து ஈரமும் காய்ந்துவிடுகிறது. அத்தையின் விரல் கண்டுபிடித்தது இந்த இரண்டையும்தான்.

யோசித்துப் பார்த்தால் டெல்டாவில் இதே வேலையை நெல்லிலேயே செய்கிறோம். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊற வைத்து, அவித்து, களத்தில் உலர்த்துகிறோம். உமிக்குள்ளேயே மாவுச்சத்து ஒருமுறை குலைந்து, ஆறும்போது இறுகிவிடுகிறது. பிறகு உலையில் போட்டாலும் எளிதில் குழையாது. புது அரிசியும் பழைய அரிசியும் வேறு விஷயம். தை மாதத்துப் புது அரிசி பொங்கலுக்கு அருமையாகக் குழையும். கல்யாணச் சமையலுக்கு வருகிறவர்கள் பழைய அரிசியாகக் கேட்பார்கள். மூட்டையில் மாதக்கணக்கில் கிடக்கும்போது அரிசியின் புரதங்கள் தமக்குள் பிணைந்து இறுகுகின்றன. அதனால் வேகும்போது பசை குறைவாகவே கசிகிறது. ரகத்துக்கு ரகம் அமைலோஸின் அளவும் மாறும். ஆடுதுறையில் 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என்று பல ரகங்கள் வந்திருக்கின்றன. ஒரு ரகம் உதிரியாக வருமா, குழையுமா என்று பார்ப்பவர்கள் முதலில் அளப்பது அமைலோஸைத்தான். அது குறைந்தால் சோறு ஒட்டும், கூடினால் உதிரும். சைனீஸ் கடைகளில் பாஸ்மதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ நம் பழைய பொன்னியை ஆற வைத்துச் செய்தால் அதற்குச் சளைக்காது.

அடுத்தது தீ. 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 290 ஜூல் வெப்பம் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும், ஏழு மடங்குக்கும் மேல். வீட்டு அடுப்பில் நாலு பேருக்கான சோற்றை மொத்தமாகக் கொட்டினால் அடுப்பு தரும் சூடெல்லாம் ஈரத்தை விரட்டவே செலவாகும். சட்டி 100 டிகிரி பக்கத்திலேயே நின்றுவிடும், சோறு ஆவியில் வேகும். வறுத்த வாசனை வருவதற்கு 140 டிகிரி வாக்கில் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர வேண்டும். பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912-ல் விளக்கிய வினை அது. தோசை முறுகுவதும் அதனால்தான். கடையில் பெரிய பர்னர், மெல்லிய இரும்புச் சட்டி, ஒரு தடவைக்கு ஒரு பிளேட், இரண்டு பிளேட். வீட்டில் செய்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறினாலே பாதி வித்தியாசம் போய்விடும்.

அவ்வளவு தீயில் சோறு ஏன் கருகவில்லை? தூக்கிப் போடுவதால். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் சமையல்காரர்கள் சட்டியை வீசுவதைப் படம் பிடித்து அளந்து 2020-ல் வெளியிட்டார்கள். சட்டியின் அடி அடுப்பின் விளிம்பில் பட்டபடியே முன்னும் பின்னும் போகிறது, கூடவே ஊஞ்சல்போலச் சாய்ந்தும் ஆடுகிறது. ஒரு நொடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை. காற்றில் பறக்கும் நொடித்துளியில் பருக்கை ஆறுகிறது, விழுந்ததும் மறுபடி சூடாகிறது. பறக்கும் எண்ணெய்த் துளிகள் தீயைத் தொட்டு எரிவதில் ஒரு புகை வாசனை பிறக்கிறது. கான்டனீஸ் மொழியில் அதை ‘வோக் ஹேய்’ என்பார்கள், சட்டியின் மூச்சு. இந்த வேலையைப் பல வருடம் செய்கிறவர்களுக்குத் தோள்வலி சாதாரணம். கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவரின் வலது தோளை நான் அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன்.

அஜினோமோட்டோவைப் பற்றி அத்தை கேட்டார். 1908-ல் ஜப்பானில் கிக்குனாயே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சுவை அது. நன்றாகப் பழுத்த தக்காளியில் இருக்கும் அதே குளூட்டமேட்தான்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. ஆற வைத்த சோற்றை அப்படியே வெளியில் விட்டுவிடுவது. பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா மண்ணிலும் தானியத்திலும் இருக்கும். அதன் வித்துகள் உலைக்கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தி வரவழைக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. எவ்வளவு தீயில் வறுத்தும் பயனில்லை. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சைனீஸ் கடைகளின் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டுப் பலருக்கு வாந்தி வந்தபோதுதான் இந்தத் தொடர்பு தெளிவானது. பெரிய குண்டானில் குவித்து வைத்த சோறு நடுவில் மணிக்கணக்காகச் சூடாகவே இருக்கும். மெல்லியதாகப் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். நம் பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. புளிப்பு ஏற ஏற இந்தக் கிருமிக்கு வளர்வது கடினமாகும். எண்ணெயில் புரட்டிய சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

மீந்ததைப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தோம். “தண்ணி ஊத்தி வெச்சிரட்டுமாப்பா?” என்றார் அத்தை. வேண்டாம் என்று சொல்லி உடனே ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் பருக்கை ஒவ்வொன்றும் சின்னக் கல் மாதிரி விறைத்திருந்தது. தோசைக்கல்லில் போட்டு ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி, ஆவி பறக்கச் சூடாக்கினேன். அத்தை மறுபடி ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு, எலுமிச்சை ஊறுகாயை எடுத்து வரச் சொன்னார்.