சாத்துக்குடி ஜூஸ் சாயங்காலம் ஏன் கசக்கிறது?

காரைக்குடியிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: “காலையில் சாத்துக்குடியை உரித்து மிக்ஸியில் அடித்து, வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். அப்போது நன்றாகத்தான் இனிக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து குடிக்கும்போது கசக்கிறது. மிக்ஸியின் சூடுதான் காரணம், கோல்டு பிரஸ் ஜூஸர் வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கலாமா?”

சாத்துக்குடிக்காக மட்டும் என்றால் வேண்டாம். கேரட், பீட்ரூட், நெல்லிக்காய்ச் சாறும் தினமும் எடுக்கிற வீடு என்றால் யோசிக்கலாம். கசப்புக்கும் மிக்ஸியின் சூட்டுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. முதலாவது, வேகமாகச் சுழலும் சென்ட்ரிஃபியூகல் ஜூஸர். பல் வைத்த தட்டு பழத்தைத் துருவும். சுற்றியுள்ள சல்லடைக் கூடை சாற்றை வெளியே வீசும். 6 செ.மீ. ஆரமுள்ள கூடை நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழன்றால் அதன் விளிம்பில் விசை புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 6,700 மடங்கு. இரண்டாவது, ஸ்லோ ஜூஸர் அல்லது கோல்டு பிரஸ். நிமிடத்துக்கு 40 முதல் 80 சுற்று மட்டுமே சுழலும் தடித்த திருகு, பழத்தைச் சல்லடையோடு சேர்த்து நசுக்கும். மூன்றாவது, பாதியாக வெட்டிய பழத்தை மேலே வைத்து அழுத்தும் கூம்பு. இதைக் கையாலும் திருகலாம், சின்ன மோட்டார் வைத்ததும் உண்டு. மிக்ஸியின் ஜூஸர் ஜாடி இந்த மூன்றிலும் சேராது. அது அரைத்து வடிகட்டுவது, பிழிவது அல்ல.

சூட்டுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 500 வாட் மோட்டார் அரை நிமிடம் ஓடினால் செலவாவது 15 கிலோஜூல். அது மொத்தமும் 250 மி.லி. சாற்றில் இறங்கினால்கூட வெப்பநிலை 14 டிகிரிதான் ஏறும். நடப்பில் அதில் கணிசமான பங்கு மோட்டாரையே சூடாக்கிவிடுவதால், சாற்றுக்குச் சில டிகிரிதான் வந்து சேரும். சித்திரை மாதத்தில் காரைக்குடிச் சமையலறையில் கிடக்கும் பழமே 35 டிகிரியில் இருக்கும். ஆப்பிளைக் கறுக்கவைக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்ய ஏறத்தாழ 70 டிகிரி வேண்டும். ஆகவே “சூட்டில் சத்தெல்லாம் செத்துவிடும்” என்பது விற்பனையாளரின் மந்திரம். செக்கெண்ணெய்க்கு மக்களிடம் உள்ள மதிப்பை அப்படியே ஜூஸருக்கு மாற்றி எழுதிக்கொண்ட விளம்பரம் இது.

ஸ்லோ ஜூஸரின் உண்மையான நன்மை வேறு. வேகமாக அடிக்கும்போது சாற்றில் காற்று கலந்து நுரை கட்டும். அந்த ஆக்சிஜன்தான் நிறத்தையும் வைட்டமின் சி-யையும் குறைக்கிறது. மெதுவாக நசுக்கினால் நுரை குறையும். ஆனாலும் செல்கள் உடைகிற வேலை இரண்டிலும் நடப்பதால், ஸ்லோ ஜூஸரில் எடுத்த ஆப்பிள் சாறும் கறுக்கத்தான் செய்யும், சற்றுத் தாமதமாக. ஒரு டம்ளருக்கு அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அதுவும் தள்ளிப்போகும்.

இனி கசப்பு. சிட்ரஸ் வேதியியலில் இதைவிட அழகான விஷயம் எனக்குத் தெரிந்து இல்லை.

கசப்புக்குக் காரணமான பொருள் லிமோனின். வியப்பு என்னவென்றால், உயிரோடிருக்கும் சுளையில் லிமோனின் அநேகமாக இருப்பதே இல்லை. இருப்பது அதன் முன்வடிவம், லிமோனோயேட் ஏ-வளைய லாக்டோன். லிமோனின் மூலக்கூறில் இரண்டு லாக்டோன் வளையங்கள், அதாவது ஒரே மூலக்கூறின் அமிலத் தொகுதியும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதியும் சேர்ந்து மூடிய வளையங்கள், உண்டு. முன்வடிவத்தில் அவற்றில் ஒன்று, டி வளையம், திறந்து கிடக்கிறது. திறந்திருக்கும் வரை அது நீரில் கரையும். நாக்குக்குச் சுவையே தெரியாது. பழத்தின் வெள்ளைப் பஞ்சிலும் சுளைத் தோலிலும் நடுத்தண்டிலும் உள்ள செல்களுக்குள், அமிலத்தன்மையும் காரத்தன்மையும் இல்லாத நடுநிலைச் சூழலில் அது பத்திரமாக இருக்கிறது. பழத்தின் அமிலமோ சாற்றுப் பைகளுக்குள் தனியாகப் பூட்டிக் கிடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

மிக்ஸியின் பிளேடு இரண்டையும் உடைத்து ஒரே ஜாடியில் கலக்கிறது. பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6.5-க்குக் கீழே போனதும், திறந்த முனையில் உள்ள அமிலத் தொகுதி பக்கத்து ஹைட்ராக்சிலோடு சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறை உதறிவிட்டு வளையத்தை மூடிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் அது லிமோனின். பழத்திலேயே இருக்கும் ஒரு நொதி இந்த மூடலை விரைவுபடுத்துகிறது. அப்படியும் மணிக்கணக்கில் நேரம் எடுக்கும். அதனால்தான் பிழிந்தவுடன் இனிக்கிறது. ஒரு லிட்டரில் 6 மில்லிகிராம் அளவு சேர்ந்துவிட்டாலே பலருக்குக் கசப்பு தெரியும். ஃப்ரிட்ஜ் இதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. சர்க்கரை மறைக்கும், போக்காது. சூடாக்கினால் இன்னும் சீக்கிரம் கசக்கும்.

விதையின் கதை வேறு. அதில் லிமோனின் தயாராகவே இருக்கிறது. ஆக நாக்கே பரிசோதனைக் கருவி: குடித்தவுடன் கசந்தால் விதை அரைபட்டிருக்கிறது, அல்லது வெளித்தோலின் எண்ணெய் இறங்கியிருக்கிறது, சாயங்காலம் கசந்தால் வெள்ளைப் பஞ்சு. கல்யாண வீட்டில் விடியற்காலை அண்டா நிறையப் பிழிந்து வைத்து, முகூர்த்தம் முடிந்து பரிமாறும்போது “பழம் சரியில்லை” என்று கடைக்காரரைத் திட்டுவதும், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பதும் நியாயமில்லை. பழமும் சரி, கண்ணும் சரி.

லிமோனின் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1841-இல். அதன் முழு அமைப்பு தெளிவானது 1960-இல். சுவையற்ற முன்வடிவம்தான் தாமதக் கசப்புக்குக் காரணம் என்று மையர், பெவர்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் அறிவித்தது 1968-இல். “ஜூஸ் ஏன் கசக்கிறது” என்று கேட்க ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது வீண் செலவாகத் தோன்றலாம். அப்படித் தோன்றுகிறவர்கள் செட்டிநாட்டில் கொஞ்சம் சுற்றிப் பார்க்கட்டும்: மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் கொடுத்ததும், 1948-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டியதும் இதே காரைக்குடியில்தான். நம் சாத்துக்குடிக்கும் நார்த்தங்காய்க்கும் அப்படிக் கொடுக்க இன்னும் ஆள் வேண்டும் என்பது என் கட்சி.

ஆகவே வாசகிக்குத் தேவை கூம்பு. பழத்தைக் குறுக்காக வெட்டுங்கள், நெடுக்காக அல்ல. அப்போதுதான் எல்லாச் சுளையும் திறக்கும். மெல்ல அழுத்தி, வெள்ளைப் பகுதி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கடைசிச் சொட்டுக்காகப் பலம் கொடுத்தால் பஞ்சும் சேர்ந்து இறங்கும். உடனே வடிகட்டுங்கள், ஏனென்றால் மிதக்கும் தூள்களிலிருந்து முன்வடிவம் கரைந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் வேண்டுமானால் சாயங்காலமே பிழிவதுதான் உத்தமம். கையால் அழுத்தும் கருவி என்றால் எவர்சில்வர் வாங்குங்கள். பூச்சு உரிந்த அலுமினியத்தைப் புளிப்புச் சாறு அரிக்கும்.

கேரட்டுக்கும் நெல்லிக்காய்க்கும் ஸ்லோ ஜூஸர்தான் வாங்குவது என்று முடிவானால், கடையிலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். சல்லடையின் உள்பக்கம் விரல் போகிறதா, சக்கை வெளிவரும் வாயில் உள்ள ரப்பர் அடைப்பு கழன்று வருகிறதா, திருகைப் பின்னோக்கிச் சுழற்றும் சுவிட்ச் இருக்கிறதா, சல்லடையும் ரப்பர் வளையமும் தனியாகக் கிடைக்குமா. வாட் அதிகம் என்பது இங்கே பெருமை இல்லை. 150 முதல் 250 வாட் போதும், பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டிவிடும்.

நெல்லிக்காயைக் கொட்டை நீக்காமல் போட்டால் திருகில் விரிசல் விழும். இஞ்சியையும் கீரைத் தண்டையும் 3 செ.மீ. துண்டாக நறுக்காவிட்டால் நார் திருகில் சுற்றிக்கொண்டு இறுகும். பழுத்த பப்பாளி, மாம்பழம் இரண்டும் இதற்கு லாயக்கில்லை. கூழாகித் திருகோடு சேர்ந்து சுழலுமே தவிர சாறு பிரியாது. அவற்றுக்கு மிக்ஸியே போதும். கேரட்டையும் ஆப்பிளையும் மாற்றி மாற்றிப் போட்டால், கடினச் சக்கை மென்மையானதைத் தள்ளிக்கொண்டு போகும். முடிந்தவுடன் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஓட்டிவிடுங்கள். பழத்தின் பசைப்பொருளான பெக்டின் காய்ந்தால் சல்லடைக் கண்களைப் பசைபோல அடைத்துவிடும். அடுத்த நாள் சாறு சக்கை வழியாக வரும். கேரட்டின் ஆரஞ்சுக் கறை சோப்புக்கு அசையாது, அது எண்ணெயில் கரையும் நிறமி. இரண்டு சொட்டுச் சமையல் எண்ணெயைத் தேய்த்துவிட்டுக் கழுவினால் போகும்.

சாற்றை எதில் ஊற்றுவது என்பதும் முக்கியம். செட்டிநாட்டு வீடுகளின் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளிப்புச் சாறு நின்றால் செம்பு கரையும். இம்மியளவு செம்பு அயனி போதும், வைட்டமின் சி ஆக்சிஜனோடு வினைபுரியும் வேகம் பல மடங்காகிவிடும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் நல்லது. ஆச்சி காலத்துச் செம்பில்தான் கொடுப்போம் என்றால், உள்ளே பூசியிருக்கும் ஈயம் தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மறுபடி பூசக் கொடுக்கும்போது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நச்சு உலோகமான காரீயம் கலந்திருந்தால் அதையும் சாறு கரைத்துவிடும்.